நகரக் காற்றில் கன உலோகங்கள்: காரீயத்தின் வீழ்ச்சியும் அதன் பின் எஞ்சியவையும்

1970-களின் தொடக்கத்தில், தொழில்வளம் மிக்க நாடுகளின் பெருநகரங்களில் போக்குவரத்து நெரிசல் மிகுந்த சாலையோரக் காற்றைச் சோதித்தால், ஒரு கன மீட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கூடுதலாகக் காரீயம் இருப்பது வழக்கமாக இருந்தது. இன்று அதே நகரங்களில் பெரும்பாலானவற்றில் அந்த அளவு பத்து நானோகிராமை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கிறது. ஆயிரம் நானோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரோகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கண்காணிப்புத் தரவுகளின்படி, 1980-க்குப் பிந்தைய சுமார் முப்பத்தைந்து ஆண்டுகளில் அந்நாட்டுக் காற்றில் காரீயத்தின் செறிவு ஏறத்தாழ 98 சதவீதம் குறைந்துவிட்டது. காற்று மாசுக் கட்டுப்பாட்டின் வரலாற்றில் இதற்கு இணையான இன்னொரு வெற்றியைக் காட்டுவது கடினம்.

அந்த வெற்றியைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வரைபடத்தில் செங்குத்தாக இறங்கும் அந்த வளைகோடு ஒரே ஓர் உலோகத்துக்கு உரியது. அந்த உலோகத்திலும் பெரும்பகுதி ஒரே ஒரு பொருளிலிருந்து, அதாவது பெட்ரோலில் கலக்கப்பட்ட ஒரு சேர்மத்திலிருந்து வந்தது. காட்மியம், ஆர்சனிக், நிக்கல், வனேடியம், பாதரசம், செம்பு, ஆன்டிமனி, துத்தநாகம் ஆகியவற்றுக்குத் தனித்தனி வளைகோடுகள் உண்டு. அவற்றில் சில மெல்ல இறங்கின. சில ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டில் சட்டென்று விழுந்தன. சில இன்னும் சரியாக அளக்கப்படவே இல்லை. நகரக் காற்றின் உலோக மாசு குறைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த வேறுபாடுகள் அனைத்தும் காரீயத்தின் நிழலில் மறைந்துவிடுகின்றன.

மற்ற மாசுகளிலிருந்து உலோகங்களைப் பிரித்துக் காட்டும் அடிப்படைப் பண்பு ஒன்று இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மறையும். கரிமச் சேர்மங்கள் சூரிய ஒளியிலும் நுண்ணுயிர்களாலும் சிதையும். உலோகம் ஒரு தனிமம் என்பதால் அதற்கு அழிவில்லை. உலையிலோ எஞ்சினிலோ ஆவியாகி, குளிர்ந்து, நுண்துகள்களாகவோ துகள்களின் மேற்பூச்சாகவோ மாறுகிறது. சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்கள் வரை காற்றில் மிதந்து, மழையோடும் தானாகவும் கீழே படிகிறது. பிறகு மண்ணிலும் கூரையிலும் சாலைத் தூசியிலும் தங்கி, காற்று வீசும்போதும் வாகனம் ஓடும்போதும் மீண்டும் எழுகிறது. எனவே ஒரு நகரத்தின் காற்றில் இன்று அளக்கப்படும் உலோகம் என்பது இன்றைய உமிழ்வும் கடந்த காலத்தின் இருப்பும் சேர்ந்த தொகை. உமிழ்வைச் சட்டத்தால் நிறுத்தலாம். இருப்பை அப்படி நிறுத்த முடியாது.

இந்த மாசு தொழிற்புரட்சியோடு தொடங்கியதும் அல்ல. ரோமப் பேரரசின் காலத்தில் வெள்ளிக்காகக் காரீயத் தாதுவை உருக்கிய உலைகளின் புகை, கிரீன்லாந்தின் பனிப்படலங்களில் இன்றும் பதிவாகி இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவின் அளவு பிற்காலத்தோடு ஒப்பிடத் தக்கதல்ல. அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் தம் உடன் பணியாற்றியவர்களுடன் 1969-இல் வெளியிட்ட ஆய்வு, கிரீன்லாந்துப் பனியில் காரீயத்தின் அளவு கி.மு. 800 வாக்கில் இருந்ததைவிடச் சுமார் 200 மடங்கு உயர்ந்திருப்பதையும், அந்த உயர்வின் மிகச் செங்குத்தான பகுதி 1940-க்குப் பிறகு நிகழ்ந்ததையும் காட்டியது. பூமியின் வயதைக் கணக்கிட்டுப் புகழ்பெற்றவர் பேட்டர்சன். அந்தக் கணக்கீட்டுக்காகக் காரீயத்தின் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வடிவங்களை, அளந்தபோதுதான், தம் ஆய்வகத்தின் தூசியிலும் நீரிலும் வேதிப்பொருள்களிலும் காரீயம் ஊடுருவி இருப்பதை அவர் கண்டார். அதற்காகவே மாசற்ற தூய அறையை அமைத்துப் பணியாற்றினார். அவருக்கு முன் எடுக்கப்பட்ட அளவீடுகளில் பலவும், அளக்க வேண்டிய பொருளைவிட அளக்கும் அறையின் அழுக்கையே அதிகம் அளந்திருந்தன. உலோகச் செறிவுகளின் பழைய பட்டியல்களைக் கையாளும் எவரும் நினைவில் வைத்திருக்க வேண்டிய செய்தி இது.

துருவப் பனி உலகளாவிய மாசைப் பதிவு செய்கிறது. ஒரு நகரத்தின் தனிக் கதையைத் தெரிந்துகொள்ள அந்நகரத்தின் ஏரிப் படிவுகளை நாட வேண்டும். நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்கா ஏரியின் அடிப்படிவுகளை அடுக்கடுக்காகப் பகுத்து 1999-இல் வெளியிடப்பட்ட ஆய்வு எதிர்பாராத ஒரு முடிவைத் தந்தது. காரீயப் படிவு உச்சத்தைத் தொட்ட காலம், பெட்ரோலில் காரீயப் பயன்பாடு உச்சத்தை எட்டிய 1970-களின் தொடக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உச்சம் வந்துவிட்டது. அடுக்குமாடிக் கட்டடங்களிலும் மாநகராட்சி நிலையங்களிலும் குப்பையை எரித்த உலைகளின் வரலாற்றோடுதான் அந்தப் படிவு பொருந்தியது. காரீயம் என்றால் பெட்ரோல் என்று நாம் பழகிவிட்ட சமன்பாடு எல்லா நகரங்களுக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆயினும் உலக அளவில் பெட்ரோலின் பங்கே முதன்மையானது. 1921 டிசம்பரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, எஞ்சினில் எரிபொருள் காலம் தவறி வெடிப்பதை டெட்ராஎத்தில் காரீயம் என்ற சேர்மம் தடுக்கிறது என்று கண்டறிந்தார். 1923-இல் அது கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் அச்சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர்களில் ஐந்து பேர் நரம்பு நச்சேறி இறந்தனர்; பலர் மனப்பிறழ்வோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 1925-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மாநாடு கூட்டி விவாதித்தது. ஆனால் 1926-இல் வந்த நிபுணர் குழுவின் அறிக்கை, விற்பனையைத் தடுக்கப் போதிய காரணம் இல்லை என்றது. குறுகிய காலத்தில், குறைந்த எண்ணிக்கையிலான தொழிலாளர்களைப் பார்த்து எடுக்கப்பட்ட அந்த முடிவு, அரை நூற்றாண்டு காலம் உலகின் நகரங்களை ஆண்டது. ஆபத்து நிரூபிக்கப்படும் வரை பொருள் பாதுகாப்பானது என்று கொள்ளும் அணுகுமுறை எத்தனை பெரிய விலையைக் கேட்கும் என்பதை அந்த அரை நூற்றாண்டு காட்டியது.

அந்தப் பெட்ரோல் விலக்கப்பட்டதற்கு உடல்நலம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால், விலக்கம் இன்னும் தாமதமாகியிருக்கும் என்றே தோன்றுகிறது. வேறு மாசுகளைக் கட்டுப்படுத்துவதற்காக 1975 முதல் அமெரிக்கக் கார்களில், புகையில் உள்ள நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் வினையூக்கி மாற்றிகள் பொருத்தப்பட்டன. அவற்றில் உள்ள பிளாட்டினத்தின் மேல் காரீயம் படிந்தால் வினையூக்கி செயலிழந்துவிடும். ஆகவே காரீயமற்ற பெட்ரோலை விற்க வேண்டிய கட்டாயம் வந்தது. அதே ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஒரு நாடு தழுவிய இரத்தப் பரிசோதனை, உடல்நலத்தின் பக்கத்திலிருந்து அசைக்க முடியாத சான்றைக் கொண்டுவந்தது. 1976-க்கும் 1980-க்கும் இடையில் அமெரிக்கர்களின் இரத்தத்தில் காரீயத்தின் சராசரி அளவு டெசிலிட்டருக்கு 14.6 மைக்ரோகிராமிலிருந்து 9.2 மைக்ரோகிராமாக, அதாவது 37 சதவீதம் குறைந்தது. பெட்ரோலில் பயன்படுத்தப்பட்ட காரீயத்தின் அளவு குறைந்த போக்கை இந்தக் குறைவு அப்படியே பின்தொடர்ந்தது. காற்றின் வளைகோடும் பெட்ரோலின் வளைகோடும் மனித இரத்தத்தின் வளைகோடும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருந்திய அந்த வரைபடத்துக்குப் பிறகு, விவாதம் தொடர்ந்தாலும் அதன் முடிவு தெரிந்துவிட்டது.

ஜப்பான் 1980-களிலேயே காரீயப் பெட்ரோலிலிருந்து முற்றாக விலகியது. அமெரிக்கா சாலை வாகனங்களுக்கான தடையை 1996-இல் முழுமையாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பகுதி, சீனா, இந்தியா ஆகியவை 2000-ஆம் ஆண்டை ஒட்டி விலகின. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகள் 2006-ஐ ஒட்டி விலகின. கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் விற்பனையை நிறுத்தியது. கிரீன்லாந்துப் பனி இந்த மாற்றத்தையும் உடனுக்குடன் பதிவு செய்தது: 1970-க்கும் 1990-க்கும் இடையில் அங்கே காரீயம் ஏழரை மடங்கு குறைந்தது, காட்மியமும் துத்தநாகமும் இரண்டரை மடங்கு குறைந்தன. பெட்ரோலோடு நேரடித் தொடர்பில்லாத இரண்டு உலோகங்களும் குறைந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். உருக்காலைகளின் புகைபோக்கிகளில் வடிகட்டிகள் பொருத்தப்பட்டதன் விளைவு அது.

காரீயத்தின் வளைகோடு செங்குத்தாக விழுந்த பிறகு, அது பூச்சியத்தைத் தொடாமல் ஓர் அடிமட்டத்தில் நின்றுவிடுகிறது. ஏன் என்பதைப் பல ஆண்டுகள் யூகிக்க மட்டுமே முடிந்தது. 2021-இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஐசோடோப் ஆய்வு இதற்கு நேரடியான விடை தந்தது. காரீயத்துக்கு நான்கு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. ஒரு தாதுப்படுகை எப்போது உருவானது என்பதைப் பொறுத்து அவற்றின் விகிதம் மாறும். ஆஸ்திரேலியாவின் பிரோக்கன் ஹில் சுரங்கத் தாது மிகப் பழமையானது என்பதால், நிறை எண் 206, 207 கொண்ட இரண்டு ஐசோடோப்புகளுக்கு இடையிலான விகிதம் அதில் அசாதாரணமாகக் குறைவு. பிரிட்டனில் பெட்ரோலுக்கான காரீயச் சேர்மத்தைத் தயாரிக்க அத்தகைய தாது பெருமளவில் பயன்பட்டதால், அந்நாட்டுப் பெட்ரோல் காரீயத்துக்கு எளிதில் அழியாத அடையாளம் ஒன்று கிடைத்தது. பிரிட்டன் அந்தப் பெட்ரோலை 1999-இல் தடை செய்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்து லண்டன் காற்றில் சேகரித்த துகள்களில் உள்ள காரீயத்தில் 40 சதவீதம் வரை அந்தப் பழைய பெட்ரோலின் அடையாளத்தையே தாங்கியிருந்தது. அது மண்ணிலும் தெருத்தூசியிலும் தங்கி, மீண்டும் மீண்டும் எழுந்து, மீண்டும் மீண்டும் சுவாசிக்கப்படுகிறது.

பல அமெரிக்க நகரங்களில் குழந்தைகளின் இரத்தக் காரீயம் குளிர்காலத்தில் குறைந்து, மண் உலர்ந்து தூசி எழும் கோடையின் பிற்பகுதியில் உயர்வதும் இதே காரணத்தைச் சுட்டுகிறது. பழைய கட்டடங்களின் வண்ணப்பூச்சும் இந்த இருப்பின் ஒரு பகுதிதான். 2018-இல் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரைக் காட்டுத்தீ அழித்தபோது, அருகிலிருந்த சிக்கோ நகரின் காற்றில் காரீயம் வழக்கமான சராசரியைவிடச் சுமார் 50 மடங்கு உயர்ந்தது. எரிந்தவை மரங்கள் மட்டுமாக இருந்திருந்தால் அந்த அளவு வந்திருக்காது. வீடுகளும் வாகனங்களும் அவற்றுக்குள் பல பத்தாண்டுகளாக உறைந்திருந்த உலோகங்களும் சேர்ந்து எரிந்தன. காட்டுத்தீ குடியிருப்புகளுக்குள் அடிக்கடி நுழையும் காலத்தில், இத்தகைய ஓரிரு நாள் உச்சங்கள் ஆண்டுச் சராசரி என்ற ஒற்றை எண்ணுக்குள் கரைந்துபோவதை ஏற்க முடியவில்லை.

இங்கே அளவீட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். காற்றில் உள்ள உலோகத்தை நேரடியாகப் படிக்கும் கருவிகள் இன்றும் அரிது. பெரும்பாலான நிலையங்களில் ஒரு பம்பு 24 மணி நேரம் காற்றை ஒரு வடிதாள் வழியே இழுக்கும்; அந்தத் தாள் ஆய்வகத்துக்குப் போய், அமிலத்தில் கரைக்கப்பட்டோ எக்ஸ் கதிர்கள் பாய்ச்சப்பட்டோ பகுக்கப்படும். இதைத் தினமும் செய்வதில்லை. ஆறு நாட்களுக்கு ஒரு முறை மாதிரி எடுப்பது பல வலையமைப்புகளின் நடைமுறை. 1970-களில் மிதக்கும் துகள்கள் அனைத்தையும் சேர்த்துப் பிடித்தார்கள். பிறகு 10 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்தவற்றையும், அதன் பின் 2.5 மைக்ரானுக்குக் குறைந்தவற்றையும் பிரித்துப் பிடிக்கத் தொடங்கினார்கள். கருவி மாறிய ஆண்டில் வளைகோட்டில் ஒரு படி இறங்கியிருந்தால், அது காற்று தூய்மையானதைக் காட்டுகிறதா, பெரிய துகள்கள் கணக்கிலிருந்து விலகியதைக் காட்டுகிறதா என்று கேட்டே ஆக வேண்டும். அதேபோல், கருவியால் கண்டறிய இயலாத அளவு வரும்போது அந்த இடத்தில் கண்டறியும் எல்லையின் பாதியை எழுதிவிடுவது பழைய வழக்கம். பிற்காலத்தில் நுட்பமான கருவி வந்து எல்லை தாழ்ந்ததும் அந்தப் பாதியும் தாழ்கிறது. காட்மியம் போன்ற, மிகச் சிறிய அளவில் இருக்கும் உலோகத்தின் நீண்டகாலச் சரிவில் ஒரு பகுதி இப்படிக் காகிதத்தில் மட்டும் நிகழ்ந்ததாக இருக்கக்கூடும். நான்கு பத்தாண்டுகளை ஒரே கோட்டில் இணைத்துக் காட்டும் வரைபடங்களில் இந்த இணைப்புப் புள்ளிகள் குறிக்கப்படாமல் இருப்பது, என் பார்வையில், சிறிய குறையல்ல.

காரீயத்துக்கு அடுத்து நிலக்கரியும் உருக்காலைகளும் சேர்ந்த தொகுதியைப் பார்க்கலாம். ஆர்சனிக்கின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் செம்பு உருக்கும் ஆலைகளிலிருந்தும் வருகிறது. காட்மியம் துத்தநாக உருக்காலைகளிலிருந்தும் குப்பை எரிப்பு உலைகளிலிருந்தும் வருகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இவை மூன்று வழிகளில் குறைந்தன: மின்னூட்டத்தால் துகள்களைப் பிடிக்கும் கருவிகளும் துணிப்பை வடிகட்டிகளும் பரவின, வீடுகளில் நிலக்கரி எரிப்பது குறைந்து இயற்கை எரிவாயு வந்தது, பழைய ஆலைகள் மூடப்பட்டன. 1998-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் கையெழுத்தாகி 2003-இல் நடைமுறைக்கு வந்த நெறிமுறை, காட்மியம், காரீயம், பாதரசம் ஆகிய மூன்றின் உமிழ்வையும் குறைக்க நாடுகளைக் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் ஒரு கன மீட்டருக்கு ஆர்சனிக் 6, காட்மியம் 5, நிக்கல் 20 நானோகிராம் என்று ஆண்டுச் சராசரி இலக்குகளை வகுத்தது. மூடப்பட்ட ஆலைகளில் ஒரு பகுதியின் உற்பத்தி வேறு கண்டங்களுக்குப் பெயர்ந்தது என்பதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். சீன நகரங்களில் காரீயப் பெட்ரோல் விலக்கப்பட்ட பிறகும் காற்றில் காரீயம் நீடித்ததற்கு நிலக்கரியும் உலோகத் தொழிலுமே பெருங்காரணம் என்று ஐசோடோப் ஆய்வுகள் காட்டின.

பாதரசம் இந்தத் தொகுதியில் சேராமல் தனித்து நிற்கிறது. மற்ற உலோகங்கள் துகள்களில் ஒட்டிக்கொண்டு சில நாட்களில் படிந்துவிட, பாதரசம் பெரும்பாலும் வாயுவாகவே மாதக்கணக்கில் மிதந்து பூமியைச் சுற்றுகிறது. அதனால் ஒரு நகரத்தின் பாதரச அளவை அந்நகரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. உலகளாவிய மனித உமிழ்வு 2015-இல் சுமார் 2,220 டன் என்றும், அது 2010-ஐவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீடு சொல்கிறது. இதில் மிகப் பெரிய பங்கு சிறு அளவிலான தங்கச் சுரங்கத் தொழிலுக்கும், அடுத்தது நிலக்கரிக்கும் உரியது. 2017-இல் நடைமுறைக்கு வந்த, பாதரசத்துக்கான பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கை இவ்விரண்டையும் குறிவைக்கிறது.

நிக்கலும் வனேடியமும் கச்சா எண்ணெயிலேயே இயற்கையாக உள்ளவை. எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அவை பெட்ரோலுக்கும் டீசலுக்கும் போகாமல், அடியில் எஞ்சும் கனத்த எண்ணெயில் செறிகின்றன. அந்தக் கனத்த எண்ணெயைத்தான் கப்பல்களும் பழைய கட்டடங்களின் கொதிகலன்களும் எரித்தன. ஆகவே துறைமுக நகரங்களின் காற்றில் வனேடியம் என்பது கப்பல் புகையின் முத்திரை. இவ்விரு உலோகங்களின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, அவற்றைக் குறைத்த சட்டங்களில் பல அவற்றைக் குறிவைத்து எழுதப்படவில்லை என்பதுதான். 1990 ஜூலையில் ஹாங்காங் எரிபொருளின் கந்தக அளவுக்கு 0.5 சதவீத வரம்பு விதித்தது. நோக்கம் கந்தக டை ஆக்சைடைக் குறைப்பது. கந்தகத்தோடு நிக்கலும் வனேடியமும் காற்றில் குறைந்தன. அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பு விகிதமும் அளக்கத்தக்க அளவு குறைந்தது. அந்த நன்மையில் எவ்வளவு கந்தகத்தால் வந்தது, எவ்வளவு உலோகங்களால் வந்தது என்று பிரிப்பது எளிதல்ல. நியூயார்க் நகரம் 2011-இல் விதி வகுத்து, மிகக் கனத்த ரக வெப்பமூட்டும் எண்ணெயை 2015-க்குள் விலக்கியதும், அமெரிக்க நகரங்களிலேயே உயர்ந்த அளவில் இருந்த அதன் நிக்கல் வேகமாகக் குறைந்தது. 2020 ஜனவரி 1 அன்று, கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தது. துறைமுகங்களை ஒட்டிய காற்றில் வனேடியம் சட்டென்று விழுந்தது. கப்பல் புகையை அடையாளம் காண வனேடியத்தை நம்பியிருந்த ஆய்வு முறைகளையே திருத்த வேண்டிய நிலை அதனால் வந்தது.

புகைக்குழாய்களும் புகைபோக்கிகளும் தூய்மையாகத் தூய்மையாக, இதுவரை பின்னணியில் இருந்த ஒரு மூலம் முன்னுக்கு வந்திருக்கிறது: தேய்மானம். வாகனத்தை நிறுத்தும்போது பிரேக் பட்டை தேய்கிறது. வெப்பத்தைக் கடத்துவதற்காக அதில் செம்பும், வழுக்குப் பொருளாக ஆன்டிமனி சல்பைடும், நிரப்பியாக பேரியம் சல்பேட்டும் சேர்க்கப்படுகின்றன. டயர் ரப்பரில் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை துத்தநாக ஆக்சைடு உண்டு. பரபரப்பான சாலைகளின் காற்றில் செம்பும் ஆன்டிமனியும் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்தே காணப்படுவதால், அந்த விகிதமே பிரேக் தூசியின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. காரீயத்தைத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குறைத்த நகரங்களிலும் இந்த உலோகங்கள் அவ்வாறு குறையவில்லை. வாகனங்களின் எண்ணிக்கையோடும் எடையோடும் சேர்ந்தே நகர்கின்றன. காரீயத்தை விரட்ட உதவிய வினையூக்கி மாற்றிகளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றை மிக நுண்ணிய அளவில் சாலையோரத் தூசியில் சேர்த்திருக்கின்றன.

இங்கும் முதல் சட்டம் காற்றுக்காக எழுதப்படவில்லை. மழைநீரோடு ஓடைகளில் சேரும் செம்பு சால்மன் மீன்களின் மோப்ப உணர்வைக் கெடுக்கிறது என்பதால், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலமும் கலிபோர்னியாவும் 2010-இல் பிரேக் பட்டைகளில் செம்பைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் இயற்றின. கலிபோர்னியாவின் வரம்பு 2021-இல் 5 சதவீதம், 2025-இல் 0.5 சதவீதம். செம்புக்கு மாற்றாக என்ன சேர்க்கப்படுகிறது, அது காற்றில் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் உடனுக்குடன் தொடர்ந்து பார்க்க வேண்டும். டெட்ராஎத்தில் காரீயம் வந்த காலத்தில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது, ஆனால் விடைக்குக் காத்திருக்க யாரும் முன்வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோ 7 என்னும் வாகன மாசு விதிகள்தான் பிரேக் துகள்களுக்கு முதன்முதலாக எண் வரம்பு விதித்தவை: பெரும்பாலான கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்வாகனங்களுக்கு 3 மில்லிகிராம். மின்வாகனம் வேகத்தைக் குறைக்க மோட்டாரையே பயன்படுத்துவதால் பிரேக் தேய்மானம் குறைகிறது. ஆனால் பேட்டரியின் எடை காரணமாக டயர் தேய்மானம் கூடக்கூடும். எனவே வரும் ஆண்டுகளில் செம்பும் ஆன்டிமனியும் இறங்க, துத்தநாகம் தங்கிவிடும் நகரங்களை நாம் பார்க்க வாய்ப்பு உண்டு.

எடையை மட்டும் பார்த்துக் காரீயத்தையும் செம்பையும் ஒரே தராசில் வைப்பதும் தவறு. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. ஆர்சனிக், காட்மியம், நிக்கல் சேர்மங்கள், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் ஆகியவை மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவை. செம்பு உடலுக்குத் தேவையான சத்து. ஆனால் நுரையீரலில் படியும் நுண்துகளில் அது செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைத் தூண்டுகிறது. குரோமியத்தைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு: வழக்கமான வடிதாள் பகுப்பாய்வு மொத்தக் குரோமியத்தைத்தான் சொல்லும், அதில் எவ்வளவு நச்சான வடிவம் என்பதைத் தனியாக அளந்தால்தான் தெரியும்.

செறிவுகள் குறைந்தபோது, பல இடங்களில் கண்காணிப்பு நிலையங்களும் குறைக்கப்பட்டன. எண்கள் சட்ட வரம்புக்கு வெகு கீழே இருக்கும்போது அவற்றைத் தொடர்ந்து அளக்கப் பணம் ஒதுக்குவது நிர்வாகங்களுக்கு வீண்செலவாகத் தோன்றியது. அது பிழையான கணிப்பு என்றே நான் கருதுகிறேன். 2013 டிசம்பரில், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் வனத்துறை ஆய்வாளர்கள் மரங்களில் வளரும் பாசியிலிருந்து 346 மாதிரிகளைச் சேகரித்தனர். பாசிக்கு வேர் இல்லை. ஊட்டத்தையும் ஈரத்தையும் காற்றிலிருந்தே எடுப்பதால், காற்றில் உள்ள உலோகங்களை அது சேர்த்து வைக்கிறது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1960-களின் இறுதியில் உருவாக்கிய இந்த முறை ஐரோப்பா முழுவதும் உலோகப் படிவை வரைபடமாக்கப் பயன்பட்டுவருகிறது. போர்ட்லாந்துப் பாசி, யாரும் எதிர்பாராத குடியிருப்புப் பகுதிகளில் காட்மியம் குவிந்திருப்பதைக் காட்டியது. மூலம் வண்ணக் கண்ணாடி தயாரிக்கும் உலைகள். நிறத்துக்காகக் கண்ணாடிக் குழம்பில் காட்மியமும் ஆர்சனிக்கும் சேர்க்கப்பட்டு வந்தன. நகரம் முழுவதற்குமாக இருந்த நிரந்தரக் காற்று நிலையத்தால் அந்த உலைகளைத் தனியே சுட்டிக்காட்ட முடியவில்லை. அது நிறுவப்பட்ட இடம் வேறு. 2016-இல் செய்தி வெளியானதும் அந்த உலோகங்களின் பயன்பாடு நிறுத்தப்பட்டது, மாநிலத்தின் விதிகளும் திருத்தப்பட்டன. நகரச் சராசரி இறங்குவதும் ஒரு தெருவில் நச்சு தங்கியிருப்பதும் ஒரே நேரத்தில் நிகழலாம். சிறிய விமான நிலையங்களை ஒட்டிய குடியிருப்புகளிலும் இதே நிலை: பிஸ்டன் எஞ்சின் விமானங்கள் இன்னும் காரீயம் கலந்த பெட்ரோலையே எரிக்கின்றன, அமெரிக்கக் காற்றில் புதிதாகச் சேரும் காரீயத்தில் 70 சதவீதம் வரை அவற்றிலிருந்தே வருகிறது. அது பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 அக்டோபரில்தான் முறையாக அறிவித்தது.

உலக அளவில் காரீயத்தின் பயன்பாடு குறையவில்லை என்பது பலரும் அறியாத செய்தி. பெட்ரோலிலிருந்து விலகிய உலோகம் பேட்டரிக்குச் சென்றது. இன்று பயன்படும் காரீயத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காரீய அமில பேட்டரிகளில்தான் இருக்கிறது. அந்த பேட்டரிகள் ஏறக்குறைய முழுமையாக மறுசுழற்சி செய்யத்தக்கவை. மூடிய உலையும் துணிப்பை வடிகட்டியும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் உள்ள ஆலையில் அது கட்டுப்பாட்டோடு நடக்கிறது. திறந்தவெளியில் உடைத்து, அமிலத்தை மண்ணில் ஊற்றி, தகடுகளை அடுப்பில் உருக்கும் இடங்களில் அதே வேலை ஒரு குடியிருப்பையே நஞ்சாக்குகிறது. செனகலின் டாக்கர் நகரை ஒட்டிய தியாராய்-சுர்-மெர் பகுதியில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தனர். பேட்டரிக் கழிவின் காரீயத் தூசியே காரணம் என்று உலகச் சுகாதார அமைப்பின் விசாரணையில் தெரியவந்தது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இரத்தக் காரீயம் கொண்ட குழந்தைகள் உலகில் 80 கோடி வரை இருக்கலாம் என்று 2020-இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழும் நாடுகளில், காற்றின் காரீயத்தைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ச்சியாக அளந்த நிலையங்கள் மிகக் குறைவு. அங்கே காற்றின் வளைகோட்டுக்குப் பதிலாகக் குழந்தைகளின் இரத்தப் பரிசோதனையே முதல் தரவாக வந்து சேர்கிறது. வடிகட்டிகளின் செலவைத் தாங்க வேண்டிய உரிமம் பெற்ற ஆலையால், பழைய பேட்டரிக்கு அந்தச் செலவே இல்லாத பட்டறைக்காரர் கொடுக்கும் விலையைக் கொடுக்க முடிவதில்லை. பேட்டரியை விற்கும் நிறுவனமே அதைத் திரும்பப் பெற்று, முறையான உலைக்கு அனுப்பும் செலவை ஏற்க வேண்டும் என்ற விதியும், அந்த உலைகளைச் சுற்றி நிரந்தரக் காற்று நிலையங்களும் இல்லாத இடங்களில், காரீயம் எந்தத் திசையில் நகர்கிறது என்று எண்களோடு சொல்ல இன்றும் வழியில்லை.